பவளாயியின் கண்ணாடித் தொட்டி

ஒரு காட்டில் ஒரு தூசிக்குக்கூட இடம் கொடுக்காத குரங்கு ஒன்று இருந்தது, குழந்தைகளே. அவள் பெயர் பவளாயி.

குரங்குகள் எப்படி அன்பு காட்டும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்க்கும். பவளாயிக்கோ அன்பு கொஞ்சம் அதிகம். ஆகவே அவள் விரல்களுக்கு ஓய்வே கிடையாது. பேன் இல்லாத தலையிலும் பேன் பார்ப்பாள். ஒருமுறை ஒரு மானைப் பிடித்து உட்காரவைத்து, அதன் மேலிருந்த வெள்ளைப் புள்ளிகளை எடுத்துவிட அரை நாள் பாடுபட்டாள். அந்த மான் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

காட்டின் நடுவே யாரோ ஒரு அதிகாரி காலி செய்துவிட்டுப் போன பழைய பங்களா இருந்தது. அதில்தான் பவளாயி குடியிருந்தாள். கதவு பூட்டியிருந்தால் என்ன, ஜன்னல்தான் உடைந்திருந்ததே! அந்த ஜன்னலோரம் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வெறுமனே கிடந்தது.

அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. எருமைகள் புரளும் குட்டை நாளுக்கு நாள் சுருங்கி, கடைசியில் ஒரு தாம்பாளம் அளவுக்கு வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப்போன பவளாயி எட்டிப் பார்த்தாள். அந்தத் தாம்பாளத்துக்குள் ஏழு மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. மீசைக்காரக் கெளுத்தி ஒன்று, கெண்டைகள் நாலு, விரல் நீள அயிரைகள் இரண்டு.

பவளாயிக்கு மனசு தாங்கவில்லை. "ஐயோ, என் கண்ணுங்களா! இங்கே கிடந்தா இன்னும் ரெண்டு நாளில் கருவாடுதான். என் வீட்டுக்கு வாங்க. மழை வர்ற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்."

"நீங்க நல்லா இருக்கணும் அம்மா," என்றது கெளுத்தி. "ஒரே ஒரு விஷயம். இந்தக் குட்டையிலிருந்து ஒரு கைப்பிடி சேறும், அதோ அந்தப் பாசி பிடிச்ச கல்லும் கூட எடுத்துக்கிட்டா..."

"சேறா? என் வீட்டுக்குள்ளேயா?" பவளாயி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இனிமே நீங்க சேத்துல கிடக்க வேண்டாம் ராசா. ராஜபோகமா வச்சுக்கிறேன், வாங்க!"

உபசரிக்கிறவளிடம் விருந்தாளி எத்தனை தடவை வாயைத் திறப்பது? கெளுத்தி மீசையைச் சுருட்டிக்கொண்டது.

பவளாயி தொட்டியைக் காய்ந்த பீர்க்கங்கூட்டு நார் வைத்துத் தேய்த்தாள். ஆற்று மணலை ஏழு தண்ணீரில் அலசினாள், எட்டாவது தண்ணீரிலும் அலசினாள். மலை ஊற்றிலிருந்து சில்லென்ற தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் மொண்டு மொண்டு கொண்டுவந்து நிரப்பினாள். பிறகு மீன்களை உள்ளே விட்டாள். வெயில் பட்டதும் தொட்டி தகதகவென்று மின்னியது. உள்ளே ஒரு இலை இல்லை, ஒரு கல் இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட இல்லை.

"அடடா, அடடா! தொட்டின்னா இது தொட்டி!" என்று ஒரு குரல் கேட்டது.

ஜன்னல் கம்பியில் நீலமேகம் உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு மீன்கொத்தி. மீன்கொத்தியின் தொழில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பவளாயிக்கும் தெரியும். ஆனால் புகழ்கிறவன் வாயைத் திறக்கும்போது காதுதான் குளிர்கிறது. அவன் அலகு எவ்வளவு நீளம் என்று யார் அளந்து பார்க்கிறார்கள்?

"உங்களை மாதிரி சுத்தக்காரி இந்தக் காட்டுல உண்டா அக்கா?" என்றான் நீலமேகம்.

"ஏதோ என்னால முடிஞ்சது தம்பி," என்று பவளாயி வெட்கப்பட்டாள்.

அன்று முதல் மீன்களுக்கு ராஜ உபசாரம்தான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பவளாயி ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்துப் பேன் பார்த்தாள். மீனுக்கு ஏது பேன்? உடம்பின் வழுவழுப்புத்தான் அவள் விரலோடு வந்தது.

"பாருங்க, எவ்வளவு அழுக்கு!" என்றாள் பவளாயி.

"அம்மா, அது அழுக்கில்லை. அது எங்க மேல்சட்டை மாதிரி..." என்றது கெளுத்தி.

"கூச்சப்படாதே ராசா, திரும்பிப் படு," என்று அதன் வயிற்றையும் துடைத்துவிட்டாள்.

தினமும் தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டினாள். தினமும் சில்லென்ற ஊற்றுத் தண்ணீரை நிரப்பினாள். அவை தின்றனவோ இல்லையோ, வேளைக்கு ஒரு வாழைப்பழம் பிசைந்து போட்டாள்.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின.

"பார்த்தியா தம்பி, எனக்கு முத்தம் கொடுக்குதுங்க!" என்று பவளாயி பூரித்துப்போனாள்.

"முத்தமேதான் அக்கா, சந்தேகமென்ன!" என்றான் நீலமேகம். அவன் நாக்கில் எச்சில் ஊறியது.

ஐந்தாம் நாள் கெண்டைகள் நிறம் வெளுத்தன. சின்ன அயிரை ஒன்று அடியில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. இப்போது பவளாயிக்குப் பயம் வந்துவிட்டது. தின்னாமல் தூங்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பி வந்த உயிர்கள் அல்லவா?

"தம்பி, என் அயிரைக்கு என்னமோ ஆயிடுச்சு! பிழைக்குமா?"

நீலமேகம் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அயிரையை அளவெடுத்தான். "சுத்தம் போதலை அக்கா. இன்னும் அழுத்தித் தேயுங்க. அப்படியே செத்துப்போச்சுன்னா அந்த நாத்தத்தை நீங்க கையால தொட வேண்டாம். எனக்கு ஒரு குரல் கொடுங்க, நானே அப்புறப்படுத்திடறேன்."

"உன் நல்ல மனசு யாருக்கு வரும்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பவளாயி மறுபடி பீர்க்கங்கூட்டை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் இருண்டது. ஒரு பெரிய கறுத்த தலை உள்ளே நுழைந்தது. குட்டையில் புரளும் எருமைதான். கொம்பு முதல் மூக்கு வரை அப்பிய சேறு, காதில் ஒரு கொத்துப் பாசி.

"குட்டையில் ஒரு வாய் தண்ணி இல்லை. இதுல கொஞ்சம் குடிச்சுக்கட்டுமா?" என்றது எருமை.

பவளாயி துள்ளி எழுந்தாள். "போ வெளியே! ஏ எருமை!"

"ஆமா, எருமைதான். அதுக்கென்ன இப்போ?"

"விரட்டுங்க அக்கா, விரட்டுங்க! தொட்டி அழுக்காயிடும்!" என்று கம்பியில் குதித்தான் நீலமேகம்.

பவளாயி பீர்க்கங்கூட்டால் எருமையின் மூக்கில் மொத்தினாள். எருமைமேல் மழை பெய்தால் அதற்கு என்ன? ஈ உட்கார்ந்தது என்று நினைத்து அது தலையை ஒரு உதறு உதறியது. கொம்பிலிருந்த சேற்றுக் கட்டியும் காதிலிருந்த பாசியும் 'தொப்'பென்று தொட்டிக்குள் விழுந்தன.

கண்ணாடி போல இருந்த தண்ணீர் ஒரு நொடியில் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஐயையோ, என் பிள்ளைங்க!" என்று அலறிக்கொண்டு பவளாயி கையை உள்ளே விட்டாள். சேற்றை அள்ளப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெளுத்துக் கிடந்த கெண்டைகள் நாலும் பாசிக்குள் பாய்ந்து ஒளிந்துகொண்டன. கெளுத்தி வயிற்றைச் சேற்றில் பதித்து, மீசையை நீட்டி, "அப்பாடா!" என்றது. ஒருக்களித்துக் கிடந்த அயிரை மெல்ல நெளிந்து, நிமிர்ந்து, சேற்றுக்குள் தலையை நுழைத்து வாலை ஆட்டியது.

அதே சமயம் ஜன்னலிலிருந்து ஒரு ஓலம் கேட்டது.

"போச்சே! ஒண்ணும் கண்ணுக்குத் தெரியலையே! மத்தியானச் சாப்பாடு போச்சே!"

பவளாயி மெதுவாகத் திரும்பினாள். "என்ன தம்பி சொன்னே? யாருடைய சாப்பாடு?"

நீலமேகம் அலகை மூடிக்கொண்டான். மூடினால் என்ன, அது எவ்வளவு நீளம் என்பது இப்போது நன்றாகவே தெரிந்தது. பீர்க்கங்கூடு அவனை நோக்கிப் பறந்தது. அது ஜன்னலைத் தாண்டுவதற்குள் அவன் காட்டைத் தாண்டிவிட்டான்.

பவளாயி தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "என் கையாலேயே உங்களைக் கொல்லப் பார்த்தேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னோமே அம்மா," என்றது கெளுத்தி சாதுவாக. "முதல் நாளே சொன்னோம்."

பவளாயி கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, இப்போ சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். மீன்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

"குட்டையிலிருந்து இன்னும் ரெண்டு கைப்பிடி சேறும் அந்தப் பாசிக் கல்லும் வேணும். தண்ணியை முழுசா கொட்டாதீங்க, அப்பப்போ கொஞ்சமா மாத்துங்க. வாழைப்பழத்தை நீங்களே சாப்பிட்டுடுங்க. அப்புறம்..." கெளுத்தி தயங்கியது. "கோவிச்சுக்காதீங்க அம்மா. எங்களைத் தொடாம இருக்கணும்."

சேறு அள்ளுவதுகூடச் சுலபமாக முடிந்தது. முழங்கால் அளவு இறங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டே அள்ளிவந்தாள். ஆனால் தொடாமல் இருப்பது இருக்கிறதே, அதுதான் பெரும்பாடு. கெண்டையின் முதுகில் ஒரு துளி பாசி ஒட்டியிருந்தால் போதும், பவளாயியின் விரல் துடிக்கும். இரண்டு கைகளையும் தனக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

நாலு நாள் போனது. கெண்டைகளுக்கு வெள்ளி நிறம் திரும்பியது. அயிரைகள் இரண்டும் சேற்றில் கண்ணாமூச்சி ஆடின.

ஒரு மாலை பவளாயி ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எருமை வந்து சுவரில் முதுகைத் தேய்த்தது. தேய்த்துத் தேய்த்துப் பங்களாவே ஆடியது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள் பவளாயி.

"உண்ணி. முதுகெல்லாம் உண்ணி. எனக்கு எட்டமாட்டேங்குது," என்றது எருமை.

பவளாயி ஒரே தாவலில் அதன் முதுகில் ஏறினாள். பிறகு சட்டென்று நின்று, "எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"கேட்கணுமா? அங்கேதான்... இன்னும் கொஞ்சம் மேலே... ஆங், அங்கேதான்!" எருமை கண்ணை மூடிக்கொண்டது.

நீதி: நமக்குப் பிடித்ததைச் செய்வது அன்பாகாது, எதிரே இருப்பவருக்கு என்ன தேவை என்று கேட்டுச் செய்வதே அன்பு.