முயல் நொண்டிய நாள்

குன்றடிக் காட்டில் ஒரு முயல் இருந்தது. அதனிடம் சொந்தமாக ஒரு நுங்கு வண்டி இருந்தது. நுங்கு தின்று எறிந்த பனங்காய்கள்தான் சக்கரம். மேலே ஒரு பலகை. ஏறி உட்கார்ந்தால் சரிவில் சும்மா பறக்கும்!

ஒரு நாள் காலை, சரிவில் இறங்கும்போது முயல் பாதையைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தது. கருமேகம் திரண்டிருந்தது. கோடைக்குப் பிறகு முதல் மழை! முதல் மழையில் குதிப்பதென்றால் முயலுக்கு உயிர்.

டமால்!

வளைவில் நின்றிருந்த கரடியின் கிழங்கு வண்டியில் போய் மோதியது. பனங்காய்ச் சக்கரம் ஒன்று பிளந்தது. முயலின் பின்னங்கால் சுளுக்கிக்கொண்டது. கரடி பதறிப்போய்ப் பச்சிலை பறிக்க ஓடியது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. விபத்து எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால்தானே!

"பெரிய வண்டி மேலதான் தப்பு!" என்றது அணில். அது வந்ததே அப்போதுதான்.

"ஆமா, ஆமா! சும்மா விடாதே! வக்கீல் வை! கரடியோட கிழங்குத் தோட்டமே உனக்குத்தான்!" என்றன மைனாக்கள்.

கரடி வந்து காலில் பச்சிலை வைத்துக் கட்டியது. வலி பறந்தது. ஆனால் முயலின் கண்ணுக்குள் கிழங்குத் தோட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. நேரே குளத்துக்குப் போனது. அங்கேதான் கொக்கு வக்கீல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"கரடியோட வண்டி ஓடிச்சா, நின்னுச்சா?" என்று கேட்டார் கொக்கு.

முயல் திருதிருவென்று விழித்தது.

"சரி, அதை நான் பார்த்துக்கறேன். கால் எப்படி?"

"பச்சிலை போட்டதும் சரியாயிடுச்சு, ஐயா!"

"அட, மெதுவாப் பேசு! வழக்கு முடியற வரைக்கும் நீ நொண்டணும். கரடியோட பேசக் கூடாது. குதிக்கவே கூடாது!"

"வழக்கு எப்ப முடியும், ஐயா?"

"அதையெல்லாம் கேட்கப்படாது! என்னைப் பார், எத்தனை காலமா ஒத்தைக் கால்ல நிக்கறேன்! சாயங்காலம் வரைக்கும் நொண்டிப் பழகு. அப்புறமா வக்கீல் வேணுமா, வேணாமான்னு சொல்லு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். கொக்கு அதை நிஜமாகவே செய்து காட்டிவிட்டார்!

முயல் கிழங்கை நினைத்துக்கொண்டே நொண்டியது. எதிரே கரடி வந்தது.

"இன்னும் வலிக்குதா, தம்பி?"

முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கரடி வாடிப்போய் நின்றது. முயல் ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தது. ஆனாலும் நொண்டியது.

சாயங்காலம் குளக்கரையில் எல்லோரும் கூடினார்கள். கரடியும் ஓரமாக வந்து நின்றது.

"என்ன முடிவு?" என்றார் கொக்கு.

முயல் வாயைத் திறந்தது. மூக்கின் மேல் ஒரு துளி விழுந்தது. அடுத்த நொடி, சோவென்று மழை!

மண் மணந்தது. தவளைகள் கச்சேரியைத் தொடங்கின. அணில் குட்டிக்கரணம் போட்டது. முயல் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று காலில் நின்றது. 'கிழங்கு, கிழங்கு' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தது. நான்காவது கால் கேட்டால்தானே!

ஒரே தாவல்! புதர் உயரத்துக்கு எழும்பிச் சேற்றில் தொப்பென்று குதித்தது.

"தம்பிக்குக் கால் சரியாயிடுச்சு!" என்று முதலில் கைதட்டியது கரடிதான்.

முயலுக்கு வெட்கம் தாங்கவில்லை. "அண்ணே, உங்க வண்டி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. நான்தான் வானத்தைப் பார்த்துக்கிட்டு வந்து மோதிட்டேன்!"

"வளைவுல நிறுத்தினது என் தப்பு, தம்பி! வா, நாளைக்குப் புதுச் சக்கரம் மாட்டிடலாம்."

"அப்போ என் வழக்கு?" என்றார் கொக்கு.

"வழக்கு வேணாம், ஐயா! வாங்க, குதிக்கலாம்!"

கொக்கு யோசித்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு மெதுவாக அடுத்த காலையும் கீழே வைத்து, ஒரு குதி குதித்தார்!

பேசித் தீர்க்க முடிந்த விபத்துக்கு வழக்குப் போடப் போனால், ஆறிப்போன காலையும் நொண்டவைக்க வேண்டியிருக்கும்.