வேலாயுதம் ஸ்டோர்ஸைக் காப்பாற்றியவர்கள்

மூளையை அதிகம் கசக்காமல் நிம்மதியாக வாழ்ந்த மூன்று பேரின் கதை இது. துணியைப் போலத்தான் மூளையும். கசக்காவிட்டால் மடிப்புக் கலையாமல் புதுசாகவே இருக்கும். அப்படிப் புத்தம் புது மூளையோடு செவந்தியப்பன், ஞானதிரவியம், பிச்சாண்டி என்ற மூவரும் தென்குளம் கடைத்தெருவில் வேலாயுதம் ஸ்டோர்ஸில் வேலை பார்த்துவந்தார்கள்.

குடை, டிரங்குப் பெட்டி, பவுடர், சோப்பு, ஸ்கூல் பை, செருப்பு, பொம்மை என்று எல்லாம் விற்கிற கடை அது. ஞானதிரவியம் கல்லாவில் இருப்பார். கண்ணாடி போட்டிருந்ததால் மற்ற இருவரும் அவரை அறிவாளி என்று நம்பினார்கள். பிச்சாண்டி சோப்பு, பவுடர் பக்கம். செவந்தியப்பன் குடைப் பக்கம்.

செவந்தியப்பனுக்கு மீசை முளைத்ததும் அந்தக் கடையில்தான், நரைத்ததும் அங்கேதான். கல்யாணம் காட்சி என்று அவருக்கு எதுவும் அமையவில்லை. தொங்கும் குடைகளுக்கு அடியில் ஒரு மர ஸ்டூல் கிடந்தது. காலையில் வந்து அதில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்கு எங்கே போவதென்று தெரியாமல் பூட்டிய கடைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்.

முதலாளி வேலாயுதம் வயதான பிறகு சென்னையில் மகனோடு போய் இருந்தார். ஒருநாள் அங்கிருந்து போன் வந்தது. செவந்தியப்பன்தான் எடுத்தார். "இனிமே புதுச் சரக்கு எடுக்க வேண்டாம். இருக்கிற சரக்கு தீர்ந்ததும் கடையை மூடிருவோம். ஊர்ல எவன் இப்போ கடைக்கு வர்றான்?"

செவந்தியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கடை போனால் அப்புறம் எங்கே போய் உட்காருவது? மறுநாள் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"முதலாளி என்ன சொன்னார்? அவர் சொன்னதை அப்படியே சொல்லும்" என்றார் ஞானதிரவியம்.

"சரக்கு தீர்ந்ததும் மூடிருவோம்னார் அண்ணாச்சி."

"அப்போ சரக்கு தீரலேன்னா?"

செவந்தியப்பன் யோசித்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது. "மூட மாட்டார்."

"சரக்கு எப்படித் தீருது?"

"நாமதான் விக்கிறோம்" என்றான் பிச்சாண்டி குற்ற உணர்ச்சியோடு. "போன வாரம்கூட நான் ஒரு பவுடர் டப்பா வித்துட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணாச்சி."

"நடந்தது நடந்துபோச்சு. இனிமே ஒரு ஊக்குகூட வெளியே போகக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார் ஞானதிரவியம்.

அந்த நேரம் பார்த்து, கடையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. பல வருஷமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள், பல் துலக்கும் பிரஷைக்கூடச் செல்போனில் தட்டி வீட்டுக்கே வரவழைக்கிறவர்கள், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். போர்டுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "என் முதல் ஸ்கூல் பை இங்கதான் வாங்கினது" என்றார் ஒருவர். "இந்தக் கடை வாசனை வேற எங்கயும் வராது" என்று ஓர் அம்மாள் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, ஞாபகத்துக்கு ஒரு சோப்பு கேட்டார்.

"இந்தச் சோப்பு நல்லா இருக்காதுக்கா. நுரையே வராது. எதிர்க் கடையில வாங்குங்க" என்றான் பிச்சாண்டி.

ஒருவர் குடை கேட்டார். செவந்தியப்பனுக்குக் கை பரபரத்தது. குடையை எடுத்து, விரித்து, சுற்றிக் காட்டி, எட்டுக் கம்பியின் அருமை பெருமைகளையும் சொல்லி முடித்தார். பிறகு மடித்து, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, "இந்த வருஷம் மழை வராதுங்க" என்றார்.

மாதம் முடிந்தது. கல்லாவில் காற்றுதான் இருந்தது. முதலாளி போன் பண்ணி விவரம் கேட்டார். மூன்று பேரும் மாறி மாறி விளக்கியதில் அவருக்குத் தலை சுற்றியது. "மூணு பேரும் உடனே கிளம்பி நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டார். அவர் மகன் ஏதோ சலுகை விலையில் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு மலிவு விமானத்தில் டிக்கெட் போட்டு அனுப்பினான்.

முதலாளியை வெறும் கையோடு பார்க்கக் கூடாதென்று செவந்தியப்பன் ஒரு குடையை எடுத்துக்கொண்டார். அது விற்பனை ஆகாது, திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று ஞானதிரவியம் அனுமதி கொடுத்தார். விமான நிலையத்தில் சோதனை அதிகாரி, "இதைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க" என்றார். செவந்தியப்பன் பிரித்துக் காட்டினார். சுற்றிக் காட்டினார். காற்றில் திரும்பாது என்பதை நிரூபிக்க மேலே பார்த்து ஊதியும் காட்டினார். அதிகாரிக்குக் குடை பிடித்துப்போய், "இது எங்க கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டார்.

"எங்க கடையிலதான் கிடைக்கும் சார்" என்றார் செவந்தியப்பன் பெருமையாக. "ஆனா தர மாட்டோம்."

விமானத்தில் மூவரும் வேறு வேறு வரிசையில் பிரிந்து கிடந்தார்கள். சேர்ந்து உட்காரத் தனிக் காசாம். தண்ணீருக்கும் காசு. ஜன்னலுக்கும் காசு. செவந்தியப்பன் முன் வரிசைக்கு எட்டிப் பார்த்து, "நம்ம கடையில ஊக்கு வாங்க வர்றவனுக்குக்கூட ஸ்டூலைப் போட்டு, பானைத் தண்ணி கொடுத்து, ஃபேனைத் திருப்பிவிடுவோமே அண்ணாச்சி" என்றார்.

"அதான் நாம தரையில இருக்கோம், இவங்க மேல இருக்காங்க" என்றார் ஞானதிரவியம்.

பணிப்பெண் ஒருத்தி முன்னால் நின்று மூச்சுக் கவசம் மாட்டிக் காட்டினாள். முதலில் நீங்கள் மாட்டிக்கொண்டு, பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு உதவுங்கள் என்று அறிவிப்பு வந்தது. பிச்சாண்டிக்கு அது பொறுக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "கஸ்டமரைக் காக்க வச்சிட்டு நாம மாட்டிக்கிறதா? எங்க முதலாளி கேட்டா வேலையை விட்டே தூக்கிருவார்" என்றான். அவனைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

விமானம் மேலே போய் நிதானப்பட்டதும், ஒரு தள்ளுவண்டி வந்தது. செவந்தியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாண்ட்விச், கப் நூடுல்ஸ், முந்திரி, சென்ட், கைக்கடிகாரம். பறக்கிற பெட்டிக்குள் ஒரு வேலாயுதம் ஸ்டோர்ஸே நடந்து வந்தது. அந்தப் பெண் எந்தப் பொருளையும் பிரித்துக் காட்டவில்லை, வேறு கலர் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனாலும் வியாபாரம் சூடாக நடந்தது.

வண்டி அவர் வரிசைக்கு வந்தபோது, அவள் ஒருவரிடம் சொன்னாள்: "சாண்ட்விச் தீர்ந்துடுச்சு சார். முந்திரியும் இல்ல. கப் நூடுல்ஸ் மட்டும் ரெண்டு இருக்கு."

பக்கத்தில் இருந்தவர் பர்ஸை எடுத்தார். செவந்தியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் சார். வாங்கிராதீங்க."

"ஏன், கெட்டுப்போனதா?"

"சரக்கு தீர்ந்தா ஆளுகளை வீட்டுக்கு அனுப்பிருவாங்க சார்."

"யாரை?"

"இந்தப் பிள்ளைகளை. முன்னாடி உட்கார்ந்து ஓட்டுதாரே, அவரையும்."

அவர் பர்ஸை உள்ளே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார். ஆனால் பின் வரிசையில் ஒருவர் ஒரு கப்பை வாங்கிவிட்டார். மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்கும் கடைசி வரிசையில் ஒரு தடித்த மனிதர் கை நீட்டினார்.

"இந்த நூடுல்ஸ் நல்லா இருக்காது சார். எதிர்க் கடையில வாங்கிக்கலாம்" என்றான் பிச்சாண்டி பழக்கதோஷத்தில். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். எதிரே மேகம்தான் இருந்தது.

செவந்தியப்பன் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு பின்னால் ஓடினார். அந்த மனிதரின் முன்னால் கைகூப்பி நின்றார். "ஐயா, உங்களுக்குப் பசிதான். இல்லேன்னு சொல்லல. ஆனா நாம ரொம்ப உயரத்துல இருக்கோம். இது ஒண்ணாவது விக்காம இருக்கட்டும்."

அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். தடித்த மனிதர் அவரையும் பணிப்பெண்ணையும் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். முதல்ல இவரைக் கொண்டுபோய் உட்கார வைங்க" என்றார்.

அந்த ஒரு கப் நூடுல்ஸ் மிச்சம் இருந்த காரணத்தால் விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. இன்றுவரை மூவரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"பிளேன் எப்படி இருந்துச்சு?" என்று முதலாளி கேட்டார்.

"வண்டி நல்ல வண்டிதான் முதலாளி. கடை நடத்தத்தான் தெரியல. கிளம்பும்போதே சரக்கு காணாது" என்றார் ஞானதிரவியம்.

பிறகு கடையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஏன் ஒன்றுமே விற்கவில்லை என்பதை இந்தமுறை முதலாளி முழுசாகப் புரிந்துகொண்டார். புரிந்ததும் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "விக்காம இருந்தா உங்களுக்குச் சம்பளம் எங்கேருந்துய்யா தருவேன்?"

"சம்பளம் வேண்டாம் முதலாளி" என்றார் செவந்தியப்பன். "காலையில வந்து உட்கார இடம் இருந்தாப் போதும்."

முதலாளிக்கு என்னவோ செய்தது. அவர்கள் கொண்டுவந்த குடையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, மூடல. புதுச் சரக்கு அனுப்புறேன்" என்றார். "ஆனா நல்லாக் கேட்டுக்கோங்க. விக்கிற வரைக்கும்தான் கடை. என்னைக்கு வியாபாரம் நிக்குதோ அன்னைக்கு மூடிருவேன். வர்றவன் எதைக் கேட்டாலும் இல்லேன்னு சொல்லாதீங்க. கேட்டதைக் கொடுங்க."

மூவரும் அதை மூன்று தடவை திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு, முதலாளி கையிலிருந்த குடையையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அதன் பிறகு வேலாயுதம் ஸ்டோர்ஸில் நடந்த வியாபாரத்தைத் தென்குளம் அதற்கு முன் பார்த்ததில்லை. சோப்பு, செருப்பு, குடை எல்லாம் பறந்தன. புதுச் சரக்கு லாரி வருவதற்குள் கடை துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான், முன்பு ஸ்கூல் பையை நினைத்துக் கண்கலங்கியவர் மறுபடி வந்தார். பை இல்லை என்றதும் சுற்றும் முற்றும் பார்த்தார். "இந்த ஸ்டூல்ல உட்கார்ந்துதான் நான் முதல் செருப்பைப் போட்டுப் பார்த்தேன். இதையாவது தருவீங்களா?"

செவந்தியப்பன் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆனால் கேட்டதைக் கொடுக்க வேண்டும், வியாபாரம் நிற்கக் கூடாது, கடை பிழைக்க வேண்டும். எழுந்து, ஸ்டூலைத் துடைத்து, அதன் நான்கு காலின் உறுதியையும் எடுத்துச் சொல்லி, விற்றுவிட்டார். அன்றிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தார்.

சேதி பரவியது. ஊரே ஞாபகங்களை வாங்க வந்தது. அலமாரியை ஒருவர் கேட்டார். ஃபேனை ஒருவர் கேட்டார். போர்டைக் கொண்டுபோனவர் அதைக் கட்டிப்பிடித்து அழுதார். இல்லை என்ற சொல்லே யார் வாயிலும் வரவில்லை.

லாரி வருவதற்கு முந்தின நாள் கடை போன் அடித்தது. செவந்தியப்பன் எடுத்தார்.

"வியாபாரம் எப்படிய்யா போகுது?" என்றார் முதலாளி.

"ஒருநாள்கூட நிக்கல முதலாளி. கல்லா நிறைஞ்சு, கல்லாவும் போயிட்டு. நேத்து ஷட்டரைக் கழட்டிட்டுப் போனாங்க. இனிமே யார் நினைச்சாலும் நம்ம கடையை மூட முடியாது."

மறுமுனையில் முதலாளி பலமாக ஏதோ கத்த ஆரம்பித்தார்.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி, மிச்சத்தை அப்புறம் பேசுவோம்" என்று பணிவாகக் குறுக்கிட்டார் செவந்தியப்பன். "இந்த போனை வாங்கினவர் ரொம்ப நேரமா நிக்காரு. வச்சிருதேன்."