சுவருக்குச் சுவர்

திருப்பூரில் பரந்தாமன் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் இருந்தது ஒரே ஒரு ஹால்தான். அதிலும் பாதியை அவருடைய தேக்கு மேஜையும் சோபாவும் அடைத்துக்கொண்டிருந்தன. லைசென்ஸுக்காக அவர் சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்தார்.

"இந்த அளவுக்கு முப்பது குழந்தைங்க தாராளம். நாளைக்கு அதிகாரி வரும்போது முப்பதும் படுத்துத் தூங்கணும். என் மேஜையும் சோபாவும் இம்மி நகரக் கூடாது. முடியாதுன்னா வேலையை விட்டு நின்னுக்கோ" என்று ஆயா செங்கமலத்திடம் கறாராகச் சொன்னார்.

"ஆகட்டுங்க" என்றாள் செங்கமலம்.

மறுநாள் மத்தியானம் அதிகாரி அம்மாளைச் சிரித்த முகமாக அழைத்து வந்த பரந்தாமன் வாசலிலேயே நின்றுவிட்டார். தரை முழுக்கப் பிள்ளைகள். சோபாவில் நான்கு பேர். மேஜையில் அவருடைய பெயர்ப்பலகையைக் கட்டிக்கொண்டு ஒரு வாண்டு அசந்து தூங்க, அது விழுந்துவிடாமல் செங்கமலம் அணைகொடுத்து நின்றாள்.

"மேஜை மேல யாரு படுக்க வெச்சது?"

"நாந்தானுங்க. அளக்கறப்ப மேஜையையும் சேர்த்துத்தானுங்களே புள்ளைங்க இடம்னு அளந்தீங்க?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சாமான் அடைச்ச இடம் கணக்குல வராது சார். முப்பது பேர் வேணும்னா இதெல்லாம் வெளியே போகணும்."

"அப்ப நான் எங்கே உட்காருறது?" என்று பதறினார் பரந்தாமன்.

"பாய் ஒண்ணு மிச்சம் இருக்குதுங்க" என்றாள் செங்கமலம்.