ரீல் மாற்றிய நேரம்

வியாழக்கிழமை காலை சங்கரபாண்டியன் மடத்துக்கு வந்தபோது செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, இன்னொன்று படியில் கிடந்தது. பன்னிரண்டு வருஷமாக வருகிற மனிதர். கால் கழுவாமல் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. அன்று வந்தார்.

"அம்மா, ஒரு நியாயம் கேக்க வந்திருக்கேன்" என்றார்.

பகவதியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "உக்காருங்க அண்ணாச்சி" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சீடர் அம்மா என்கிறார், குரு அண்ணாச்சி என்கிறார். சங்கரபாண்டியனுக்கு அறுபத்தாறு வயது. தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பகவதியம்மாவுக்கு அறுபத்திரண்டுதான். பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. அம்பாசமுத்திரத்தில் ஆற்றுப்பக்கம் இருக்கிற இந்தச் சின்ன மடத்தில் அவர் பிரசங்கம் எதுவும் செய்வதில்லை. கேட்டால் பதில் சொல்வார். பல நேரம் அதையும் சொல்லமாட்டார்.

நான் கோமு. பதினெட்டு வருஷமாக இங்கே சமையல். அம்மாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவதும் நான்தான். அன்று அடுக்களையில் அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்து கிடந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"மருமவ தென்காசிக்குப் போயி இன்னையோட பன்னெண்டு நாள் ஆச்சு. ஒரு போன் கிடையாது. நாங்க போன் பண்ணினாலும் எடுக்கது கிடையாது."

"எதுக்குப் போனா?"

"ஒண்ணுமில்லாத விஷயம்மா. கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வந்திருந்தாவ. எம் மவன் கதிரேசன், கோயம்புத்தூர்ல இருந்து ஒரே மூச்சுல கார ஓட்டிட்டு வந்தேன்னு சொல்லிக்கிட்டிருந்தான். இவ குறுக்க வந்து, 'மதுரை வரைக்கும்தான் அவிய, பிறவு நான்தான் ஓட்டினேன்'னு சொல்லிட்டா. எல்லாரும் சிரிச்சிட்டாவ."

"யாரு ஓட்டினது?"

"அவதான் ஓட்டினா. அதுக்காக முப்பது பேருக்கு முன்னால சொல்லணுமா?"

"சரி."

"அவனுக்கு ரோஷம் வந்துட்டு. ஒரு அறை விட்டான். ஒண்ணே ஒண்ணு. அன்னைக்குச் சாயங்காலமே பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா. ஒரு அறைக்கு இப்படிப் போனா ஊர்ல எவ வீட்டுல இருப்பா? நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மருமகள் நவநீதாவை எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்த மறுவாரம் இங்கே வந்து, சொல்லாமலே என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்த பெண்.

"நாளைக்கு வேன் சொல்லியிருக்கேன். நாங்க ஏழு பேரு போறோம். நீங்க ஒரு பொட்டலம் திருநீறு தாங்க. அவ அம்மாவுக்கு ஒங்க மேல அம்புட்டு மரியாதை. அம்மா திருநீறு குடுத்துப் பிள்ளைய அனுப்பச் சொன்னாங்கன்னு சொன்னா அந்த வீட்டுல மறுபேச்சு கிடையாது. மக மாட்டேன்னாலும் அவியளே கூட்டிட்டு வந்து விட்டுருவாவ."

ஒரு பெண்ணைக் கூப்பிட ஏழு பேர். கூடவே ஒரு பொட்டலம் திருநீறு. அறைந்த கை மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

"ஒங்க மவன் ஏதாவது சொன்னானா?" என்று அம்மா கேட்டார்.

"அவன் மறுநாளே எங்கிட்ட வந்து, 'தப்புப் பண்ணிட்டனோப்பா'ன்னு கேட்டான். முகமே சரியில்ல. நான்தான் தைரியம் சொன்னேன். அந்தப் படத்தை ஞாபகப்படுத்தினேன்."

"எந்தப் படம்?"

சங்கரபாண்டியனின் குரல் மாறியது. கோபம் இறங்கி, சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டார்.

"நம்ம ஊரு டூரிங் கொட்டகையில பொங்கலுக்குப் பொங்கல் போடுவாம்லா அம்மா, ஒரே படப்பெட்டி, அதே படம். நான் ஏழு தடவை பாத்திருக்கேன். மொதல் தடவை பாக்கும்போது எனக்குப் பதினோரு வயசு. கதாநாயகி பணக்காரி. கார் ஓட்டிக்கிட்டு வருவா, அவனைப் பத்துப் பேருக்கு முன்னால கேலி பேசுவா. அவன் மில்லுல வேலை பாக்கவன். பொறுத்துப் பொறுத்துப் பாப்பான். கடைசியில ஒரு நாளு அவ கார விட்டு இறங்கி வருவா. பளார்னு ஒண்ணு விடுவான். அதோட அவ திமிரு அடங்கிப் போயிரும். எங்கதிரேசனுக்குச் சின்ன வயசுல சோறு ஊட்டும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்."

"அந்த அறை எப்படி இருக்கும்?"

"எப்படின்னா?"

"சத்தம். எனக்குச் சத்தம்தான தெரியும்."

அவர் இடது கையை ஏந்தி, வலது கையால் ஓங்கி அடித்தார்.

என் தோள் தானாக ஏறியது. தலை தானாகக் குனிந்தது. குழவி கையிலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரை விட்டு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, அவர் செத்தே எட்டு வருஷம் ஆகிறது. இருந்தும் இந்தத் தோளுக்கு அது இன்னும் தெரியவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அண்ணாச்சி, அம்மி நின்னுபோச்சு. கேட்டியளா?" என்றார் அம்மா.

"எந்த அம்மி?"

"சரி, கதையச் சொல்லுங்க."

"கொட்டகையே இடிஞ்சு விழுந்த மாதிரி இருக்கும்மா. ஆம்பளப் பக்கம் பூரா விசில். துண்டை எல்லாம் தூக்கி வீசுவாவ. நான் மணலை அள்ளி மேல எறிஞ்சேன். எங்கப்பா என்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு. அவரு என்னைத் தோள்ல தூக்கினது அந்த ஒரு நாள்தான். அதெல்லாம் மறக்க முடியுமா."

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல் கூடியது.

"பிறவு?"

"பிறவு ரீல் மாத்துவான். ஒரே மிஷின்லா. அறை விழுந்ததும் அந்த ரீல் முடிஞ்சிரும், லைட்டப் போட்டுருவான். எல்லாரும் முறுக்கு வாங்கித் தின்னுக்கிட்டு இதையே பேசிக்கிட்டிருப்போம். லைட்ட அணைச்சா அடுத்த ரீல்ல பாட்டு."

"அறை வாங்கினவ என்ன சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்லமாட்டா. கன்னத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா."

"சிரிப்பாளா?"

"சிரிப்பா. நான் எங்கண்ணால பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்படித்தான் ஞாபகம். அதுக்குள்ள லைட்டப் போட்டுருவான்."

"பாட்டுல ரெண்டு பேரும் சேந்து நிப்பாங்களா?"

"இல்ல. அவன் ஆத்தங்கரையில நின்னு பாடுவான். அவ ஜன்னல்கிட்ட நிப்பா. காதல் பாட்டு."

அம்மா சொன்னார்.

"எனக்குப் பதினஞ்சு வயசு இருக்கும்போது வீட்டுல ரேடியோ வாங்கினாவ. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒலிச்சித்திரம் போடுவாங்கள்லா, படத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, வெறும் சத்தத்தை மட்டும். அதுல ஒரு நாளு இந்தப் படத்தைப் போட்டாவ. அறை விழுந்துது. அடுத்தாப்புல பாட்டுதான் வரும்னு நெனச்சேன். வரல. அந்தப் பிள்ள பேசினா."

"என்ன பேசினா?"

"'உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். இனிமேல் கேக்கமாட்டேன். அடிச்சு வாங்குற மன்னிப்பு உங்களுக்கு எதுக்கு?' அப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டா. கார் கிளம்புற சத்தம் கேட்டுது."

சங்கரபாண்டியன் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பிறவு அவன் கூட்டாளி ஒருத்தன்கிட்ட சொல்லுதான், 'நான் மனுஷனே இல்லடா'ன்னு. அதுக்குப் பிறவுதான் பாட்டு. அது காதல் பாட்டு இல்ல அண்ணாச்சி. அவன் தாங்க முடியாமத் தனியா நின்னு அழுத பாட்டு."

"கொட்டகையில இதெல்லாம் இல்லையே."

"இல்லதான். அங்க மிஷின் ஓட்டினவரு இங்க வந்துக்கிட்டிருந்தாரு, நீங்க வர ஆரம்பிக்கதுக்கு முன்னால. அவருகிட்டயே கேட்டேன். பழைய பெட்டி, ரீலோட கடைசிப் பக்கம் ஓட்ட ஓட்டப் பிஞ்சிருமாம். பிஞ்சதை வெட்டி எறிஞ்சிட்டு, மிச்சத்த ஒட்டி ஓட்டுவோம்னாரு. அவரு கைக்கு வரும்போதே அந்தத் துண்டு கிடையாதாம்."

சங்கரபாண்டியன் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன அநியாயம் இது? ஒரு மணி நேரமாச் சுருக்கின ரேடியோக்காரனே அதை வெட்டலை. காசு வாங்கிட்டுப் படம் காட்டுதவன் வெட்டலாமா? எத்தனை பயலுவ அந்த மணல்ல உக்காந்து பாத்திருப்போம். அத்தனை பேரையும் ஏமாத்தியிருக்கான். இந்த ஊரு ஆம்பளைங்க பூராப் பேரையும் அந்தக் கொட்டகை கெடுத்திருக்கும்மா."

"அப்படியா?"

"பின்ன? அந்தத் துண்டு மட்டும் இருந்திருந்தா நான் என் மவனுக்கு வேற கதைல்லா சொல்லியிருப்பேன். எங்கப்பாவே வேற மாதிரி இருந்திருப்பாரு. எங்க மேல என்னம்மா தப்பு? எங்களுக்குக் காட்டினது அப்படி. பாத்து வளந்தது அப்படி."

அவர் குரலில் இப்போது ஒரு தெம்பு வந்துவிட்டது. வரும்போது மருமகள் மேல் இருந்த கோபம் அப்படியே கொட்டகைக்காரன் மேல் மாறிவிட்டது. கோபம் யார் மேல் மாறினாலும் அவர் வீட்டு ஆம்பளைகள் மேல் மட்டும் விழாது. அதைப் பார்த்துக்கொண்டு அரைத்ததில் துவையல் மையாகிவிட்டது.

"நாளைக்கு அவகிட்டயும் இதையே சொல்லிருதேன்" என்றார். "படிச்ச பிள்ள, சொன்னாப் புரிஞ்சுக்கிடுவா. ஒரு பிஞ்ச படத்தால வந்த வினைம்மா இதுன்னு சொன்னா மனசு ஆறிரும். நீங்க திருநீறை மட்டும் தாங்க."

"தரமாட்டேன்."

பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு அம்மா மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

"எம் பேரச் சொல்லி அவளக் கூப்பிடக் கூடாது. வேனும் வேண்டாம். ஒங்க மவன் வந்து 'தப்புப் பண்ணிட்டனோ'ன்னு கேட்டாம்லா, அவன அன்னைக்கே நீங்க தென்காசிக்குப் பஸ் ஏத்தி விட்டிருக்கணும். கெட்டுப் போகாம வந்து நின்ன பிள்ளைய உக்கார வச்சுக் கெடுத்தது கொட்டகை இல்ல."

"அம்மா, எனக்குத் தெரியாமத்தான... அந்தத் துண்ட நான் பாக்கவே இல்லையே."

அம்மா சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி கூடும். அன்று நன்றாகவே கூடியது.

"ஒங்களுக்குப் பதினோரு வயசுன்னா எனக்கு ஏழு. அன்னைக்கு நானும் அந்தக் கொட்டகையிலதான் இருந்தேன். பொம்பளப் பக்கம், எங்கம்மா மடியில. திரை எந்தப் பக்கம் இருந்தா எனக்கென்ன? அவ முகத்தப் பாக்க உக்காந்திருந்தேன். அந்தச் சத்தம் கேட்டுது. எங்கம்மாவுக்கு ஒடம்பு தூக்கிப் போட்டுது. என்னை இழுத்து நெஞ்சோட அமுக்கிக்கிட்டா. மூச்சு விட முடியல. பக்கத்துல ஒரு பொம்பளையும் பேசல. நடுவுல இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள்லாம் விசிலடிச்சிய. லைட்டப் போட்டதும் எங்கம்மாவும் சிரிச்சா. மத்தவளும் சிரிச்சாளுவ. சிரிக்காம இருந்தா வீட்டுல என்னன்னு கேப்பாங்கள்லா."

சங்கரபாண்டியன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கண்ணு கிடையாது. கதையும் புரியல. ஒங்களுக்குக் கிடைக்காத அந்த வசனம் அன்னைக்கு எனக்கும்தான் கிடைக்கல. அது வர இன்னும் எட்டு வருஷம் இருந்துது. ஆனா என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரிஞ்சிது."

அவர் மெதுவாகக் கேட்டார். "எப்படிம்மா?"

"அறை விழுந்த சத்தத்தை யாரும் வெட்டலையே அண்ணாச்சி. ஏழு தடவையும் முழுசாத்தான கேட்டிய."