மீசைத் தளபதி யாருக்கு?

ஒரு வழக்கு சொல்கிறேன். சும்மா கேட்டுவிட்டு எழுந்துபோக முடியாது. கடைசியில் தீர்ப்பு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கோயமுத்தூரில் ஒரு தையல் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் நாங்கள் சண்டை போடுவோம். சண்டை மேசைமேல்தான். கட்டைவிரல் உயர ஈயப் பொம்மைகள், அளவுநாடா, பகடை. கோபம் மட்டும் முழு அளவு. அன்று எடுத்துக்கொண்டது பழைய இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர். ஒரே அரச குடும்பத்தின் இரண்டு கிளைகள் அரியணைக்காக வெட்டிக்கொண்ட காலம். ஒரு பக்கத்துக்குச் சிவப்பு ரோஜா, மறுபக்கத்துக்கு வெள்ளை. பங்காளிச் சண்டையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிவப்புப் படை பல் டாக்டர் பூங்கோதையுடையது. வெள்ளை, பம்புசெட் வியாபாரி எட்வினுடையது. மூன்றாவது ஆள் அன்சாரி, எந்த ரோஜாவும் சூடாத பிரபு. தன் படையோடு மேட்டில் நின்று, இஷ்டப்பட்ட நேரத்தில் இஷ்டப்பட்ட பக்கம் இறங்கலாம். நடுவர் நான்.

எங்கள் சங்கத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மேசையருகே கொடுத்த வாக்கை மீறலாம், அது ஆட்டம். கீழே டீக்கடையில் கொடுத்த வாக்கை மீறினால் மறுபடி மாடி ஏற முடியாது. எதிரித் தளபதியை யாருடைய வீரர்கள் வீழ்த்துகிறார்களோ அவருக்கே அந்தப் பொம்மை சொந்தம். ஜெயித்த பொம்மையை அலமாரியில் பூட்டவும் கூடாது. அடுத்த ஆட்டத்தில் தன் படைக்கு முன்னால் நிறுத்தியாக வேண்டும்.

அன்று காலை டீக்கடையில் எட்வின் பேச்செடுத்தார்.

"பாய், நீங்க என் பக்கம் எறங்குங்க. இந்த வருசம் ஒரு ஆட்டங்கூட ஜெயிக்கல. பொம்மை கிம்மையெல்லாம் வேண்டாமுங்க, ஜெயிச்சாப் போதும்."

"எறங்கறேன், போ," என்றார் அன்சாரி.

மாடிக்கு வந்தால் பூங்கோதையின் முகம் சரியில்லை. பஸ் நெரிசலில் அவருடைய தளபதியின் குதிரைக்குக் கால் முறிந்துவிட்டது. பெட்டியில் இருந்த இன்னொரு தளபதி, அவர் தம்பி வர்ணம் தீட்டியது. தம்பி போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டான். அந்த இங்கிலீஷ்காரனுக்குத் தங்கள் அப்பாவின் முறுக்கு மீசையை வைத்திருந்தான்.

"சங்கத்துப் பொம்மை ஒண்ணு தர்றேன், அதை வெச்சு ஆடும்மா," என்றேன்.

"வேண்டாமுங்க சார். இதையும் அவன் ஆடறதுக்குத்தான் பண்ணுனான்."

அன்சாரி அந்த மீசையைப் பார்த்தார். 

மதியத்துக்குள் சிவப்பின் வில்லாளிகள் தீர்ந்துவிட்டார்கள். எட்வினின் ஈட்டிக்காரர்கள் மீசைத் தளபதிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார்கள்.  எட்வினின் முறை வந்தால் பொம்மை அவருக்குப் போய்விடும். அதற்குமுன் அன்சாரியின் முறை. "பாய், இப்ப," என்றார் எட்வின். பூங்கோதை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பொம்மையையே பார்த்தார். 

அன்சாரி இறங்கினார். வெள்ளையின் பக்கம்தான். ஆனால் எட்வினின் ஆட்களைத் தாண்டி, தன் குதிரைப்படையை நேரே தளபதிமேல் ஏவினார். பகடை உருண்டு ஆறு விழுந்தது. மீசைத் தளபதி சாய்ந்தார், சிவப்புப் படை சிதறியது, எட்வின் ஜெயித்தார்.

அன்சாரி பொம்மையை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துப் பூங்கோதையிடம் நீட்டினார். "கொண்டு போம்மா. வீட்ல பத்திரமா வை."

பூங்கோதை கையைக் கட்டிக்கொண்டார். "தோத்தது தோத்ததுதாங்ண்ணா. நான் வாங்க மாட்டேன்." கண் கலங்கியிருந்தது.

எட்வினுக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த முறை நானே அடிச்சிருப்பேன். எனக்கு வர வேண்டியதைத் தட்டிப் பறிச்சு இவரு தானம் பண்றாரு. பொம்மை எனக்குத்தான் சேரணும்."

பொம்மை மேசை நடுவில் நின்றது. மூவரும் என்னைப் பார்த்தார்கள். நீங்களே என் நாற்காலியில் உட்காருங்கள். அந்தப் பொம்மை யாருக்கு? மூவரில் யார் செய்தது முழுக்கச் சரி?

யோசித்தாயிற்றா? நான் சொன்ன தீர்ப்பு இது. எட்வின் கேட்டது வெற்றியை, அது கிடைத்துவிட்டது. பொம்மை வேண்டாம் என்றது அவர் வாய்தான். அன்சாரி வாக்கையும் காப்பாற்றினார், பொம்மையையும் முறைப்படி ஜெயித்தார். ஆகவே அது அவருடையது. ஆனால் வீட்டில் வைக்கச் சொன்னது தப்பு. அடுத்த ஆட்டத்தில் அது அவர் படைக்கு முன்னால் நின்றே தீர வேண்டும். முழுக்கச் சரியாக நடந்தவர் பூங்கோதை. தம்பி அதை ஆடத்தான் செய்தான் என்று தொடக்கத்திலேயே சொன்னவர் அவர், தோற்ற பிறகும் அந்தப் பேச்சை மாற்றவில்லை. நான் சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்சாரியிடம் திரும்பினார். "அண்ணா, அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களை எதிர்த்து நான் ஆடட்டுங்களா?"