ஹெல்மெட்டுக்குள் ஐந்தாவது அறை

வழக்கு ஒரு பழைய ஹெல்மெட்டைப் பற்றியது. தீர்ப்புச் சொல்ல ஆள் கிடைக்காததால் உங்கள் முன் வைக்கப்படுகிறது.

தென்காசியில் ஒரு வீட்டின் மாடியில் இரண்டு குடித்தனங்கள், நடுவில் பொது வராந்தா. ஒரு பக்கம் முத்துச்சுடரும் அவள் கணவர் பரமசிவமும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். எதிர்ப்பக்கம் அருள்மணியும் எட்வினும். ஐந்து வருஷம். இரண்டு வீட்டிலும் குழந்தை இல்லை. அருள்மணிக்கு இரண்டு முறை கரு தங்கி, மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. முத்துச்சுடருக்கு ஒரு தடவைகூட நாள் தள்ளிப்போனதில்லை.

எட்வினுக்குத் தாராபுரத்துக்கு மாற்றல் வந்தது. முதலில் அவன் மட்டும் பஸ்ஸில் போய் வேலையில் சேர்ந்தான். வீடு பார்த்துவிட்டு வந்து மனைவியையும் சாமான்களையும் கூட்டிப் போவதாக ஏற்பாடு. பைக் கீழே நின்றது. ஹெல்மெட் முத்துச்சுடரின் கதவருகே ஆணியில் தொங்கியது. அவர்கள் பக்கச் சுவரில் ஆணி கிடையாது. எப்போதும் அங்கேதான் மாட்டுவான்.

மூன்றாம் நாள் அதற்குள் ஒரு குளவி மண் வைக்கத் தொடங்கியது.

குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கூட்டை யாரும் கலைக்க மாட்டார்கள். வெள்ளையடிக்க வருபவர்கள்கூட அந்த இடத்தை விட்டுவிட்டு அடிப்பார்கள். இரண்டு பெண்களும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் முத்துச்சுடர் அரிசி பொறுக்குவதை வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டாள். அருள்மணி துணி மடிப்பதை வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

குளவி குழாயடி ஈரமண்ணை உருண்டையாக்கிக் கொண்டுவரும். பூசும்போது மெல்ல ரீங்கரிக்கும். ஓர் அறை முடிந்ததும் சிலந்தி பிடிக்கப் போகும். அது கொட்டிய சிலந்தி சாகாது, அசையாது, அவ்வளவுதான். முதல் சிலந்தியின் மேலேயே ஒரு முட்டையை இட்டுவிடும். அப்புறம் பத்துப் பன்னிரண்டு சிலந்திகளை அடுக்கி, அறையின் வாயை மண்ணால் அடைக்கும். உள்ளே புழு பொரித்து, அவற்றைத் தின்று வளர்ந்து, குளவியாகித் தானே துளைத்துக்கொண்டு வெளியேறும். தாய் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

எட்வின் லாரி பேசிக்கொண்டு வந்தபோது நான்கு அறைகள் அடைபட்டிருந்தன. ஐந்தாவது திறந்திருந்தது. வந்தவன் ஹெல்மெட்டுக்குக் கை நீட்டினான். தொடவேண்டாம் என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவன் குனிந்து உள்ளே பார்த்தான்.

"குடி வந்தாச்சா? அட்வான்ஸ் யாரு வாங்குனதுக்கா?"



அன்று சாயங்காலம் முத்துச்சுடர் எதிர்வீட்டுக்குள் போனாள். அருள்மணி தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டை விட்டுவிட்டுப் போகும்படி முத்துச்சுடர் கேட்டாள். எட்வினுக்குப் புதிதாகவே வாங்கித் தருவதாகச் சொன்னாள். தனக்கு நாற்பத்திரண்டு ஆகிறது என்றும் சொன்னாள். அந்த மாடியில் அவள் தன் வயதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அருள்மணி கையிலிருந்த தட்டைச் சுற்றி முடித்தாள். "வேற எது கேட்டாலும் தந்திருவேன்க்கா."

"ஏட்டி, ஆணி எங்களுதுல்லா."

"ஹெல்மெட் எங்களுதுக்கா."

பரமசிவத்திடம் கேட்டுப் பார்த்தார்கள். குளவிகிட்ட கேளுங்க என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சாமான்கள் ஏறின. பைக்கும் ஏறிவிட்டது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தான். குளவி வெளியே போயிருந்தது. ஐந்தாவது அறையில் அதுவரை நான்கோ ஐந்தோ சிலந்திகள்தான். அருள்மணி ஸ்டூலில் ஏறி ஹெல்மெட்டை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"வாய் அடைக்கலையேட்டி. அது வந்து தேடும்."

அருள்மணி ஸ்டூலிலேயே நின்றாள். முத்துச்சுடர் கீழே போய்க் குழாயடி மண்ணைக் கொஞ்சம் எடுத்து வந்தாள். சுண்டுவிரலால் ஐந்தாவது அறையின் வாயைப் பூசி அடைத்தாள். மற்ற நான்கையும்விட அது தடிப்பாக இருந்தது. அருள்மணி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன்சீட்டில் போனாள்.

லாரி தெருமுனை திரும்பியதும் முத்துச்சுடர் தன் கணவரின் ஹெல்மெட்டை அதே ஆணியில் மாட்டினாள். சற்று நேரத்தில் குளவி ஒரு சிலந்தியோடு வந்தது. நேராக ஆணிக்கே வந்தது. உள்ளே போனது, வெளியே வந்து சுற்றியது, மறுபடி உள்ளே போனது. கடைசியில் சிலந்தியைத் தரையில் போட்டுவிட்டுப் பறந்தது. மறுநாள் முழுக்க வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் ஒரு மண் உருண்டையோடு வந்து அந்த ஹெல்மெட்டுக்குள் வைத்தது. பரமசிவம் அன்றிலிருந்து பஸ்ஸில் போகிறார்.

கூட்டைக் கட்டிய குளவி இப்போது தென்காசியில் இருக்கிறது. அது கட்டிய அறைகள் தாராபுரத்தில் இருக்கின்றன. ஹெல்மெட்டை எடுத்துப் போனவள் ஒருத்தி. ஆணியில் வேறொன்றை மாட்டியவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி?

பதில்: அடைத்த அறைக்குத் தாய் வேண்டாம். ஆகவே அருள்மணி எடுத்துப் போனதால் அந்த நான்குக்கும் கேடில்லை. குளவி நினைவில் வைத்திருந்தது இடத்தைத்தான். ஆகவே அது ஆணிக்குத் திரும்பியதில் முத்துச்சுடர் எதையும் பறித்துக்கொள்ளவில்லை. இதுவரை இருவர் பக்கமும் நியாயம்தான். தவறு ஐந்தாவது அறையில் இருக்கிறது. அதில் முட்டை இருந்தது. தீனி பாதிதான் இருந்தது. ஒருத்தி தாய் வருமுன் அதை எடுத்தாள். மற்றவள் வாயை அடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். லாரி போன இருபத்தாறாம் நாள் அருள்மணி போன் செய்து, நான்கு அறைகளிலும் துளை விழுந்துவிட்டது என்று சொன்னாள். ஐந்தாவது என்ன ஆயிற்று என்று முத்துச்சுடர் கேட்டாள். "கலைக்கலக்கா. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."