ஆவுடை காட்டிய தண்ணி

வயலை வீட்டுமனையாகப் பிரிக்க அனுமதி கொடுக்கலாமா என்று பேரூராட்சியில் கூட்டம் போட்டார்கள். ஆட்சேபணை சொல்ல வந்தவள் பீடி சுற்றும் ஆவுடை ஒருத்திதான். அவள் வீடு பள்ளத்தில் இருந்தது. வயல் நடுவே போகும் ஓடைக்குள் மனை போட்டால் ஐப்பசி வெள்ளம் நேரே அவள் அடுப்படிக்குத்தான் வரும்.

தலைவர் குற்றாலிங்கத்துக்கோ இருப்புக்கொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறார், பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார்.

"ஓடையாவது ஒண்ணாவது! வரைபடத்துல ஒரு கோடுகூட இல்ல. பத்து நிமிஷம் தாரேன், அதுக்குள்ள தண்ணியக் காட்டு பாப்போம்!" என்றார்.

அப்போது சித்திரை மாசம். ஊர்க் கிணறே வாய் பிளந்து கிடந்தது. கூட்டம் சிரித்தது.

ஆவுடை இடுப்பில் செருகியிருந்த நோட்டீசை எடுத்தாள். மனை விற்கிறவர்கள் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போனது. அதிலிருந்த நம்பருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, ஓடைக்கரை நகர்னு போட்டிருக்கியளே, அங்க ஓடை நெசமாவே உண்டா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீய! வருசத்துல எட்டு மாசம் தண்ணி ஓடும். சந்தேகம்னா உங்க தலைவர் குற்றாலிங்கம் ஐயாவக் கேளுங்க. ஓடையைப் பாத்த மாதிரியே வேணும்னு ரெண்டு மனைக்கு அவருதான் மொதல்ல சொல்லி வச்சாரு!"

கூட்டம் இப்போதும் சிரித்தது. தலைவர் மேசைக்கு அடியில் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம் எதுக்கு ஐயா?" என்றாள் ஆவுடை. "ரெண்டே நிமிஷத்துல உங்களுக்குத் தண்ணி காட்டிட்டேன்லா!"